இறங்கி இறங்கி வந்த பச்சோந்தி

சுனைப்பாறை மடத்தில் பேசக் கூடாத நேரம் அதிகம். பேசலாம் என்கிற நேரத்தில் கேட்டாலும் பதில் கிடைப்பது குறைவு. இது தெரிந்தும் குற்றாலிங்கம் அங்கே வந்து சேர்ந்தார். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

குரு செண்பகவல்லி அம்மையாருக்கு வயது நாற்பத்தைந்து. சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஆகவே குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்றார். சீடர் குருவை ‘அம்மா’ என்றார். சாத்திரத்தில் இதற்கு இடம் உண்டா என்று யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. தென்காசிப் பக்கத்தில் உறவுமுறை சாத்திரத்துக்கு மூத்தது.

வந்த அன்று மாலையே அவர் கேட்டார்.

“என் வீட்டுக்காரி ஆவுடை போன கார்த்திகையில தவறிட்டா. அதுக்கு முந்தி ஒரு வருசமா அவளுக்கு ஞாபகம் தப்பிப் போச்சு. உக்காந்திருப்பா. திடீர்னு எந்திரிச்சு வாசலப் பாத்து நடப்பா. நான் போயி முழங்கையப் பிடிச்சுக் கூட்டியாந்து கட்டில்ல உக்காத்துவேன். திரும்ப எந்திரிப்பா. திரும்ப உக்காத்துவேன்.”

“ம்.”

“‘எங்க போற ஆவுடை’ன்னு கேட்டா, ‘அங்க’ம்பா. அவ்வளவுதான். அங்கன்னா எங்க அம்மா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். வேற ஞானம் எதுவும் எனக்கு வேண்டாம்.”

அம்மையார் கூடத்தின் மூலையைக் கைகாட்டினார்.

“விடியக்காலம் உக்காரணும் அண்ணாச்சி. பாய் அந்த மூலையில இருக்கு” என்றார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தியானத்தில் அமர்ந்தவர் பாதியில் எழுந்தால், பக்கத்தில் இருப்பவர் அவர் முழங்கையைப் பிடித்து மீண்டும் பாயில் அமர்த்த வேண்டும். எங்கே என்று கேட்கக் கூடாது. கடிந்துகொள்ளக் கூடாது. அம்மையாரின் குருவுக்கும் குரு ஏற்படுத்திய வழக்கம் அது. ஏன் என்று அவர் சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருந்தால் யாராவது மறுத்துப் பேசியிருப்பார்கள். வழக்கம் இத்தனை காலம் நீடித்திருக்காது.

குற்றாலிங்கத்துக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவர் ஆயுள் முழுக்க ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேலாளராக இருந்தவர். சாப்பிடாமல் நழுவப் பார்க்கும் விருந்தாளியை வாசலில் மறித்துப் பந்தியில் உட்காரவைப்பது அவருடைய தனித்திறமை. ஒருமுறை மண்டபம் மாறி வந்துவிட்ட ஒருவரைப் பாயசம் வரை விடவில்லை. ‘எனக்கு வேண்டிய கல்யாணம் அடுத்த தெருவுல’ என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டேதான் சாப்பிட்டார்.

ஐப்பசியில் ஒரு காலை. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. குற்றாலிங்கம் பால் வாங்கிக்கொண்டு மண்பாதையில் திரும்பி வந்தார். பாதை நடுவில் ஒரு காகம் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. துண்டை வீசி விரட்டினார். கிடந்தது ஒரு பச்சோந்தி. பின்னங்கால் ஒன்றில் ரத்தம். வாயைப் பிளந்து அவரையும் மிரட்டியது.

துண்டில் சுருட்டி மடத்துக்குக் கொண்டுவந்தார்.

மடத்தில் சமையல் பார்ப்பவள் முப்பிடாதி. தியானத்திலும் அமர்வாள், அந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுவாள்.

“பால் எங்க அண்ணாச்சி?”

“இந்தா.”

“துண்டுல என்ன?”

அவர் விரித்துக் காட்டினார். முப்பிடாதி இரண்டடி பின்னால் போனாள்.

“வேலியில போற ஓணான வேட்டியில விட்டுக்கிட்ட கதை கேட்டிருக்கேன். இன்னைக்குத்தான் ஆளப் பாக்கேன்.”

“இது ஓணான் இல்ல. பச்சோந்தி.”

“அப்பச் சரி. எலக்‌ஷன்ல நிக்க வச்சிரலாம்.”

கட்சி மாறுகிறவர்களுக்குத் தமிழர்கள் இந்தப் பிராணியின் பெயரைத்தான் வைத்தார்கள். பச்சோந்தி எதுவும் கட்சி மாறியதாகத் தகவல் இல்லை. அது சுவரைப் பார்த்து நிறம் மாறுவதும் இல்லை. அச்சம், கோபம், குளிர், வெயில் இவைதான் அதன் நிறங்கள். மறைத்துக்கொள்ளத் தெரியாத ஒரு பிராணிக்கு நாம் வேஷதாரி என்று பட்டம் கொடுத்திருக்கிறோம்.

அம்மையார் வந்து பார்த்தார்.

“காட்டுல உள்ளதக் கூண்டுல வைக்கது தப்பு அண்ணாச்சி. சட்டப்படியும் தப்பு.”

“கால் ஆறட்டும் அம்மா. இப்ப விட்டா காக்கா கொத்திரும்.”

“ஆறுன அன்னைக்கு விட்டுரணும்.”

“விட்டுருதேன்.”

மூங்கில் பட்டைகளைக் கட்டி, பழைய கொசுவலையைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு செய்தார். மடத்துக் கொய்யா மரத்தில் கிளை ஒடித்துவந்து உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தினார். பின்பக்கத்துத் தாழ்வாரத்தில், காலை வெயில் விழும் இடத்தில், சிமெண்ட் தரையின் மேல் வைத்தார். தரை குளிர்ச்சியாக இருக்குமே என்று ஒரு தலைவாழை இலையை விரித்தார். தினமும் இலையை மாற்றினார். நுனி இடப்பக்கம் வரும்படி போட்டார்.

“பரிமாறலாமா?” என்றாள் முப்பிடாதி.

பரிமாறுவதில்தான் சிக்கல். கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தார். அது ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பாலை வைத்தார். அதையும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் அதன் கண்கள் குழி விழுந்து தெரிந்தன.

அன்று சாரல் அடித்தது. கொசுவலை வழியே தூறல் விழுந்து கொய்யா இலையில் முத்து முத்தாக நின்றது. பச்சோந்தி கழுத்தை நீட்டி ஒரு துளியை நக்கியது. பிறகு இன்னொன்று. அவர் அசையாமல் நின்று பார்த்தார்.

தேங்கிய தண்ணீர் தண்ணீர் என்றே அதற்குத் தெரியாது. நிறைந்த கிண்ணத்தின் பக்கத்திலேயே அது தாகத்தில் செத்துப்போகும். அதன் பிறகு குற்றாலிங்கம் காலையும் மாலையும் இலைகளின் மேல் கையால் தண்ணீர் தெளித்தார்.

உணவு இன்னும் கடினம். மடத்தில் உயிர்க்கொலை இல்லை. பச்சோந்திக்கோ உயிருள்ளது மட்டுமே உணவு. அவர் அம்மையாரிடம் போய் நின்றார்.

“வெட்டுக்கிளி பிடிச்சுப் போடணும் அம்மா. மடத்து விரதம் இருக்கே.”

“விரதம் நீங்க எடுத்தது. அது எடுக்கலையே அண்ணாச்சி.”

“பாவம் யாருக்கு?”

“பிடிக்கவனுக்கு.”

அவர் யோசித்தார். பிறகு வயல்பக்கம் போய்ப் பிடித்தார். கூண்டுக்குள் விட்டதும் நாக்கு வந்து போனது. வந்ததை அவர் பார்க்கவில்லை. போனதை மட்டும் பார்த்தார். வெட்டுக்கிளி இல்லை.

மனைவி இறந்த பிறகு முதன்முறையாக அவர் சிரித்தார். முப்பிடாதிதான் அதைப் பார்த்தாள். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கூண்டின் அருகே போனால் பச்சோந்தி பளிச்சென்று மாறும். மங்கிய பச்சையில் மஞ்சளும் நீலமும் புள்ளி புள்ளியாக மேலெழும்.

“என்னைக் கண்டா அதுக்குச் சந்தோசம் அம்மா. எப்படிப் பூக்குது பாருங்க.”

பச்சோந்தி அப்படிப் பூப்பது பெரும்பாலும் ‘கிட்டே வராதே’ என்பதற்கு. இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது.

கால் ஆறிவிட்டது.

“ஆறிருச்சா அண்ணாச்சி?” என்று அம்மையார் கேட்டார்.

“ஆறிக்கிட்டு இருக்கு அம்மா.”

அம்மையார் கூண்டைப் பார்த்தார். பச்சோந்தி நான்கு கால்களும் ஊன்றிக் கிளையில் நடந்துகொண்டிருந்தது. அவர் பிறகு குற்றாலிங்கத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

ஒருநாள் அது வெட்டுக்கிளியைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. அன்று மாலை கிளையிலிருந்து மெல்ல இறங்கித் தரைக்கு வந்தது. இலையின் மேல் நின்று முன்னங்கால்களால் பிறாண்டியது. இலை கிழிந்தது.

“இலை வாடிப் போச்சு போல” என்று குற்றாலிங்கம் புது இலை போட்டார். பச்சோந்தியை மெதுவாக எடுத்துக் கிளையில் வைத்தார்.

அது இறங்கியது. எடுத்து வைத்தார். மறுபடி இறங்கியது. மறுபடி எடுத்து வைத்தார். கோபப்படவில்லை, வையவில்லை. அவ்வளவு பதமாக அந்த மடத்தில் யாரும் யாரையும் அமர்த்தியதில்லை.

அடுத்த நாளும் அப்படியே. இலை முழுதும் நார் நாராகக் கிடந்தது. கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அது நடந்தது. மூலைக்கு மூலை பிறாண்டியது. சிமெண்டில் நகம் உரசும் சத்தம் சமையலறை வரை கேட்டது.

அம்மையார் வந்து நின்றார்.

“என்ன பண்ணுதீய?”

“இருப்புக் கொள்ளல அம்மா அதுக்கு. எறங்கி எறங்கி வருது. எடுத்து வைக்கேன். நாலு நாள் வச்சாப் பழகிரும். நாங்கல்லாம் பழகலையா?”

அம்மையார் ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றார். தலையை அசைத்துவிட்டுப் போனார்.

முப்பிடாதி மட்டும் முணுமுணுத்தாள். “போகணும்கிறத விட்டுத் தொலைச்சா என்ன?”

“காக்கா கொத்தவா?”

“காக்கா வாரது உங்க கண்ணுக்கு மட்டுந்தான் தெரியுமாக்கும். இதுக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பாக்குது.”

அவர் கூண்டுக்குள் கையை விட்டார். பச்சோந்தியை எடுத்துக் கிளையில் வைத்தார்.

பிறகு அது இறங்குவதை நிறுத்தியது. வைத்த கிளையில் வைத்தபடி இருந்தது. குற்றாலிங்கம் அம்மையாரிடம் ஓடினார்.

“பழகிருச்சு அம்மா.”

அம்மையார் வந்து பார்த்தார். அதன் உடல் கரிய பழுப்பாகியிருந்தது. குற்றாலிங்கம் கிட்டே போனபோதும் அது பூக்கவில்லை. கண்கள் மூடியிருந்தன. பச்சோந்தி பகலில் கண் மூடினால் நல்லதில்லை. இதுவும் அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் பார்த்ததும் மூவருக்கும் தெரிந்துவிட்டது.

டவுனில் மாட்டு வைத்தியர் இருக்கிறார் என்றாள் முப்பிடாதி. மழையில் பேருந்து இல்லை. குற்றாலிங்கம் துண்டில் அதை ஏந்திக்கொண்டு நடந்தே புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் துண்டில் அசைவு நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் நனைந்துகொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்.

கொய்யா மரத்தடியில் குழி வெட்டினார். மழையில் ஊறிய மண். மண்வெட்டி தானே இறங்கியது.

அம்மையார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பச்சோந்தியைத் தன் மடியில் வாங்கினார். அதன் வயிற்றைத் தடவியவரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

“தொட்டுப் பாருங்க அண்ணாச்சி.”

அவர் தொட்டார். தோலுக்கு அடியில் மொச்சைப் பயறு போல ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. வரிசை வரிசையாக, விலாவிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை.

“என்னம்மா இது?”

“முட்டை.”

மழை தூறிக்கொண்டிருந்தது.

“அது எங்க எறங்கிச்சு அண்ணாச்சி?”

“தரைக்கு.”

“தரையில என்ன இருந்துது?”

“இலை.”

“இலைக்கு அடியில?”

அவர் கையில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தார். பிறகு தாழ்வாரத்தைப் பார்த்தார். அங்கே கூண்டும் அதனடியில் சிமெண்டும் தெரிந்தன. பத்தடி தூரம்கூட இல்லை.

“அப்ப அன்னைக்குப் பாதையில...”

“ஆமா. மரத்தை விட்டு எறங்குனது மண்ணத் தோண்டி முட்டை வைக்கத்தான் இருக்கும்.”

“நான்தான் தூக்கிட்டு வந்தேன்.”

“காக்கா கொத்துச்சு. தூக்குனீய.”

“கால் ஆறுனப்பவே விட்டிருக்கணும்.”

அம்மையார் மறுக்கவில்லை.

“எத்தனை தடவை எடுத்து வச்சேன் அம்மா. நோகாம எடுத்து வச்சேன்.”

“நானும் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்.”

முப்பிடாதி சமையலறை வாசலில் நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அவர் பச்சோந்தியைக் குழியில் வைத்தார். மண்ணைத் தள்ளவில்லை. குழியைப் பார்த்தபடியே பேசினார்.

“கட்டில்ல உக்காத்தி, சால்வையப் போத்தி, பால ஆத்திக் குடுப்பேன். ஒருநாள் கூட மொகத்தச் சுளிச்சது கிடையாது. கடைசி மாசம் அவ எந்திரிக்கதையே விட்டுட்டா. பக்கத்து வீட்டுல எல்லார்ட்டயும் சொன்னேன், ‘ஆவுடை இப்பச் சொன்ன பேச்சு கேக்கா’ன்னு.”

தூறல் குழிக்குள் விழுந்தது.

“அவளுக்கு என்ன வேணும்னு இருந்துச்சோ. யாரப் பாக்கணும்னு இருந்துச்சோ. இதுக்காவது வயித்தத் தொட்டாத் தெரிஞ்சுது. அவளுக்கு நான் எங்கம்மா தொட்டுப் பாப்பேன்?”

குழியிலிருந்து நிமிர்ந்து அம்மையாரைப் பார்த்தார்.

“நான் என்ன செஞ்சிருக்கணும்? அதையாவது சொல்லுங்க.”

அம்மையார் குனிந்து ஒரு கை மண்ணை எடுத்துக் குழியில் போட்டார். அவரும் போட்டார். வெகுநேரம் அவர்கள் அங்கே இருந்தார்கள். அன்று அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

மறுநாள் விடியலில் எல்லோரும் அமர்ந்தார்கள். மழை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

பாதியில் குற்றாலிங்கம் எழுந்தார்.

பக்கத்தில் இருந்த முப்பிடாதியின் கை பழக்கத்தில் நீண்டு அவர் முழங்கையைப் பிடித்தது. அம்மையார் தன் இடத்திலிருந்து எழுந்தார். அந்த மடத்தில் குரு பாதியில் எழுந்தது அதுவே முதல் முறை. வந்து முப்பிடாதியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

குற்றாலிங்கம் நடந்தார். தாழ்வாரத்தைக் கடந்தார். காலிக் கூண்டைத் தாண்டினார். முற்றத்து ஈரத்தில் இறங்கி, வாசல் கதவு வரை போனார். கதவைத் திறந்தார். பாதை இடப்பக்கமும் போனது, வலப்பக்கமும் போனது. அவர் நின்றுவிட்டார்.

பின்னால் காலடி கேட்டுத் திரும்பினார். அம்மையார் சில அடிகள் தள்ளி நின்றிருந்தார்.

“எங்க போறேன்னு எனக்கே தெரியல அம்மா.”

தன் முழங்கையை அம்மையார் பக்கம் நீட்டினார்.

“கூட்டிட்டுப் போயி உக்காத்திருங்க.”

அம்மையார் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

“நீங்க நடங்க அண்ணாச்சி” என்றார். “நான் பின்னால வாரேன்.”